நிகழ்ச்சி நிரல் எழுதும் கைக்கு ஒரு பாராட்டுரை

ஐயா,

உங்களுக்கு இதுவரை யாரும் பொன்னாடை போர்த்தியதில்லை. தவிசாளருக்கு மாலை விழுகிறது. ஒரு வீதிக்குக் கிறவல் கொட்டினால் உறுப்பினரின் பெயர் பலகையில் ஏறுகிறது. மாதாந்த அமர்வுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதுகிற உங்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. சபை எதைத் தீர்மானிக்கிறது என்பதை ஊர் பார்க்கிறது. எதைப் பற்றித் தீர்மானிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் நீங்கள். இவ்வளவு பெரிய அதிகாரத்தை இவ்வளவு சத்தமில்லாமல் வைத்திருப்பவர் எங்கள் பகுதியில் வேறு யாரும் இல்லை. அதற்காகத்தான் இந்தப் பாராட்டு.

நீங்கள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. சில சபைகளில் நீங்கள் தவிசாளர், சிலவற்றில் செயலாளர், வேறு சிலவற்றில் இருவருக்கும் நடுவே கோப்புத் தூக்குகிற ஒருவர். ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபை செங்கலடியில் இருக்கிறது. நான் அறிந்த நிலமும் இதுதான். ஆகவே இந்த ஊரை வைத்துப் பேசுகிறேன். ஆனால் இந்தப் புகழ் ஒரு சபைக்கு மட்டும் உரியதல்ல. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. நான் சொல்லப்போகிறவற்றில் பெரும்பாலானவை பல சபைகளின் உறுப்பினர்கள் ஆற்றாமையோடு சொல்லிக் கேட்டவை.

முதலில் உங்கள் சமத்துவம். பேராதனையில் தொடங்கி பதுளை வழியாக வருகிற ஏ5 வீதி செங்கலடிச் சந்தியில்தான் முடிகிறது. அந்த வீதியில் கறுத்தப்பாலத்தைத் தாண்டி மேற்கே போனால் கரடியனாறு. இன்னும் போனால் கோப்பாவெளி, புல்லுமலை. கிழக்கே களுவன்கேணியில் கடல். தெற்கே வாவி. ஒரே பற்றுக்குள் மீனவரும் இருக்கிறார்கள், வயற்காரரும் இருக்கிறார்கள், மாட்டுப்பட்டிக்காரரும் இருக்கிறார்கள், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. சந்தியிலிருந்து நடந்தே சபைக்கு வரக்கூடிய உறுப்பினருக்கும், யானை இறங்குமுன் வீடு திரும்ப வேண்டும் என்று பஸ்ஸைக் கணக்குப் பார்த்து வருகிற உறுப்பினருக்கும் நீங்கள் ஒரே அவகாசம்தான் கொடுக்கிறீர்கள். இருவருக்கும் ஒரே குறுகிய அவகாசம். யாருக்கும் சலுகை காட்டவில்லை. கிட்ட இருப்பவருக்கு அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்துக் கோப்பைப் புரட்ட வழி இருப்பதும், தூர இருப்பவருக்கு அது இல்லாதிருப்பதும் புவியியலின் குற்றம். உங்கள் மேல் அதைச் சுமத்த முடியாது.

அடுத்தது சிக்கனம். ஒரு தாளில் பத்து விடயங்களை அடக்கிவிடுகிறீர்கள். ‘சந்தைக் கடை குத்தகை தொடர்பாக’ என்று ஒரு வரி. எந்தக் கடை, எவ்வளவு காலம், யார் கேட்கிறார், அவர் யாருடைய உறவு, முன்பு எவ்வளவு வாடகை, ஒன்றுமில்லை. கடதாசி மிச்சம். உறுப்பினரின் மூளைக்கும் ஓய்வு. படிக்க எதுவும் இல்லாதவர் படித்துவிட்டு வரவில்லை என்று எவரும் குறை சொல்லவும் முடியாது. சென்ற அமர்வின் கூட்டறிக்கையை மேசையில் வைத்து, தேநீர் வருமுன் உறுதிப்படுத்திவிடுகிற வேகமும் உங்களுடையதே. முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் ஒருநாளும் பிழைப்பதில்லை. அவர்கள் எதை முன்மொழிந்தார்கள், அதற்கு மறுப்பாக யார் என்ன சொன்னார் என்பது மட்டும்தான் சில வேளை சுருங்கிப்போகிறது.

காலத்தைப் பற்றிய உங்கள் அறிவு தனி. வீதி விளக்கு, வடிகான், நூலகத்துக் கூரை, மயானத்து வேலி என்று காலையில் எல்லோரும் பேசிக் களைக்கட்டும் என்று விடுவீர்கள். பிரதான விடயம் நிரலில் இருக்காது. பசி நேரத்தில், ‘ஏனைய விடயங்கள்’ என்ற கடைசி வரியின் கீழ் அது வரும். அப்போது பதுளை வீதிக்காரர் பஸ்ஸுக்கு எழும்பியிருப்பார். இருப்பவர்கள் கை உயர்த்துவார்கள். ‘ஏகமனதாக’ என்று கூட்டறிக்கை சொல்லும். அது பொய்யும் அல்ல. இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மனதாகத்தான் இருந்தார்கள்.

இந்த ஒற்றுமை எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கான உழைப்பு வெளியே தெரிவதில்லை. அமர்வுக்கு முந்திய இரவு நீங்கள் தொலைபேசி எடுக்கிறீர்கள். முதலில் ஒருவருக்கு, பிறகு மற்றவருக்கு, பிறகு மூன்றாமவருக்கு. ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்லி, அவர் தயங்கினால் முதலாமவரிடம் திரும்பிப் போய், பெரும்பான்மை சேரும்வரை உறங்காமல் இருக்கிறீர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1953 இல் பிறவுண் சட்டம் என்று ஒன்றை ஆக்கினார்கள். உள்ளூர்ச் சபைகளின் வழக்கமான கூட்டத்துக்கு நிரலை 72 மணித்தியாலத்துக்கு முன்னரே பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்பதும், சில விதிவிலக்குகள் தவிர, நிரலில் இல்லாததைத் தீர்மானிக்கக் கூடாது என்பதும் இன்று அதிலுள்ள விதிகள். இப்படி ஒருவர் பின் ஒருவராகப் பேசிப் பெரும்பான்மை சேர்ப்பதையும், மூடிய கதவுக்குள் நடந்த கூட்டமாகவே கருதி அது தடுக்கிறது. அங்கே இருந்திருந்தால் உங்கள் உழைப்புக்கு வழக்கு வந்திருக்கும். இங்கே அதற்கு இணக்கப்பாடு என்று பெயர்.

உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கினார்கள். 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. கூட்டம் என்றால் கோயில் முன்றலில் பின்வரிசையில் இருந்து கேட்பது என்று பழக்கப்பட்ட பெண்கள், தவிசாளருக்கு எதிரே கதிரை போட்டு அமர்ந்தார்கள். இதை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை. என் வாழ்நாளில் எங்கள் பகுதியில் நடந்த பெரிய மாற்றங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பெண்களை இரவு எட்டு மணிக்குப் பிறகு தொலைபேசியில் அழைப்பது மரியாதையல்ல என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த நாகரிகத்தை மெச்சுகிறேன். அதனால் மறுநாள் காலையில் எல்லாம் முடிந்த பிறகு அவர்கள் வந்து அமர்கிறார்கள். கேள்வி கேட்டால், ‘அது கதைச்சு முடிஞ்ச விசயம் அக்கா’ என்று மரியாதையாகவே பதிலும் கிடைக்கிறது.

இனி நெறிமுறை. பாராளுமன்றத்துக்கு ஒழுக்கவியல், சிறப்புரிமைகள் பற்றிய குழு ஒன்று இருக்கிறது. பிரதேச சபைக்கு அப்படி ஒன்றைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் குழு அமைக்கத் தடையும் இல்லை. நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சுற்றாடலும் வசதிகளும் என்று நான்கு குழுக்களைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. உறுப்பினர் அல்லாத ஊரவரையும் குழுவில் சேர்க்க அது இடம் கொடுக்கிறது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கமக்காரர் அமைப்பிலிருந்து ஒருவர், மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் என்று ஐந்து பேரை உட்கார்த்தி, உறுப்பினரின் உறவினருக்கு ஒப்பந்தம் போனதா, குத்தகையில் யாருக்கு நலன், முறைப்பாடு வந்தால் யார் விசாரிப்பது என்று பார்க்க ஒரு நெறிமுறைக் குழுவை எந்தச் சபையும் நாளைக்கே அமைக்கலாம்.

அமைத்தாலும் உங்கள் கையை அது தாண்டிப் போகாது என்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது. குழுவின் நிரலையும் நீங்கள்தானே எழுதுவீர்கள்? முறைப்பாட்டுக் கடிதம் உங்கள் மேசைக்குத்தானே வரும்? திகதி முத்திரை ஒழுங்காகக் குத்தப்படும். பதிவேட்டில் ஏறும். எழுதியவருக்குக் கிடைத்ததென்று பதிலும் போகலாம். அதற்குப் பிறகு அந்தக் கடிதம் எந்தக் கூட்டத்தின் நிரலிலும் ஏறாது. நிராகரித்தீர்களா என்றால் இல்லை. மறைத்தீர்களா என்றால் அதுவும் இல்லை. பதிவேட்டைத் திறந்து காட்டுவீர்கள். தவிசாளர்தான் சபையின் நிறைவேற்றுத் தலைவர். நிறைவேற்றுகிறவரின் மேசையில் இருந்தே அவரைக் கேள்வி கேட்கிற நிரலும் புறப்படுகிறது என்றால், கேட்கப்படுகிறவர் தன்மேல் வைத்திருக்கிற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்?

இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் கீழ், உறுப்பினரின் நடத்தையைக் கவனிக்க நாடளாவிய தரநிலைச் சபை ஒன்றை வைத்தார்கள். அற்பமான முறைப்பாடுகளால் அது நிரம்பி வழிகிறது என்று சொல்லி 2012 இல் மூடினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சபையும் தன் உறுப்பினரைத் தானே விசாரிக்கிறது. கடுமையாகத் தண்டிக்கிற அதிகாரமும் இல்லை. நீங்கள் அந்த நீண்ட பாதையில் போகவே இல்லை. அவர்கள் கட்டி, நடத்தி, மூடி வந்து சேர்ந்த இடத்தில் நீங்கள் முதலிலிருந்தே நிற்கிறீர்கள்.

சோழர் காலத்து உத்தரமேரூர்க்காரர் உங்களைப் போல முன்யோசனை உள்ளவர்கள் அல்ல. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919 இல் ஒரு தடவையும் 921 இல் மறுபடியும், தங்கள் வாரியங்களுக்கு, அதாவது ஊர்க் குழுக்களுக்கு, குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்கிற முறையைக் கோயிற் சுவரில் வெட்டி வைத்தார்கள். முதல் ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது தெரிந்ததும் இரண்டே ஆண்டில் திருத்தி, திருத்தத்தையும் அதே சுவரில் எழுதினார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. எந்தெந்த உறவு என்று முறை சொல்லிப் பட்டியலே இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் வரும். இளையவர் முதியவர் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். ஊரில் அன்று இருக்கிற கோயிற் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்துக்குள் வந்து அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் வெறுங்குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். ஒன்றும் அறியாத சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். அவன் வாசித்தது போதாதென்று மண்டபத்தில் இருந்த நம்பிமார் எல்லோரும் அந்த ஓலையை வாசிப்பார்கள்.

அது பிராமணர்களின் ஊர். நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் இல்லாதவருக்கும், பெண்ணுக்கும், வயலில் வேலை செய்தவருக்கும் அங்கே இடமில்லை. அதை மறைத்துவிட்டு அந்தக் கல்வெட்டைக் கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனால் அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயாவது ஒருவரையும் விடாமல் அழைக்க வேண்டும், எல்லோர் கண்ணுக்கும் குடம் தெரிய வேண்டும், கையை விரித்துப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய மனிதர்கள் தங்களில் ஒருவர் கைக்குள் ஓலையை மாற்றிவிடக்கூடும் என்று ஐயப்பட்டார்கள். உங்கள் மேல் அப்படி ஐயப்பட எங்களுக்கு மனமில்லை.

அவ்வளவு தூரம் போகாமல் எங்கள் பற்றிலேயே பார்க்கலாம். பெரும்போகம் தொடங்குமுன் உறுகாமம் குளத்துக்குக் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு ஆரம்பக் கூட்டம் வைக்கிறார்கள். எந்தத் திகதியில் விதைப்பு, எந்தத் திகதிக்குள் மாடுகளை வயற்பக்கத்திலிருந்து அகற்றுவது, எப்போது தண்ணீர் திறப்பது என்று அங்கேதான் முடிவாகிறது. இந்தக் கூட்டம் நடக்கிறது என்று அறியாத வயற்காரரைக் காண்பது கடினம். தண்ணீர் முறை பார்க்கிற வட்டவிதானை சொல்லாமல் விட்டால் வாய்க்காலிலேயே சண்டை வரும். மாட்டுக்காரரும் வருவார், வயற்காரரும் வருவார், ஒருவரை ஒருவர் ஏசுவார்கள், கடைசியில் திகதி விழும். பிறகு அந்தத் திகதியை மீறுகிறவரை யாரும் ஆதரிப்பதில்லை, ஏனென்றால் அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான். தண்ணீருக்கு இந்த ஒழுங்கு தேவை என்று எங்கள் மக்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வரிப்பணத்துக்கு மட்டும் அது தேவையில்லை என்று நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

2018 இல் பெரியபுல்லுமலையில் குடிநீரைப் போத்தலில் அடைக்கிற தொழிற்சாலைக்கு எதிராக மக்கள் எழும்பினார்கள். செப்டம்பரில் எங்கள் மாவட்டத்தின் தமிழ்ப் பகுதிகளில் கடைகள் பூட்டிக் கிடந்தன. நிலத்துக்கடியில் இருக்கிற தண்ணீர் யாருடையது, அதை எடுக்க யார் அனுமதி கொடுப்பது என்று கோடையில் கிணறு வற்றுகிறவர்கள் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பாற்பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். இவற்றையெல்லாம் ஒரு பிரதேச சபை தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கொழும்பிலும் மாகாணத்திலும் இருக்கிற அதிகாரங்கள் அவை. ஆனால் மக்கள் தங்கள் கேள்வியை முதலில் கொண்டுபோய் வைக்க ஒரு மேசை வேண்டும். அந்த மேசையில் என்றைக்கு எந்தக் கேள்வி வருகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். மேசை கிடைக்காதவர்கள் வீதிக்கு வருகிறார்கள். வெயிலில் கூடாரம் அடித்து இருக்கப் பழகிய மக்களை வளர்த்ததில் உங்கள் ஒற்றைத் தாளுக்கும் ஒரு பங்கு உண்டு.

உங்கள் பொற்காலத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக் காலம் முடிந்தது. அதே மாதம் 9 ஆந் திகதி நடக்க வேண்டிய தேர்தல், பணம் இல்லை என்ற காரணத்தோடு தள்ளிப்போயிற்று. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6 இல்தான் வாக்களித்தோம். இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் உறுப்பினரே இல்லாமல் அலுவலர்களே சபைகளை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் குப்பை எடுக்கப்பட்டது, விளக்கு எரிந்தது, வரியும் அறவிடப்பட்டது. வெளிநடப்பு இல்லை, கூச்சல் இல்லை, ஒத்திவைப்பு இல்லை. நிரல் எழுத வேண்டிய தேவையே இல்லை. உறுப்பினர்கள் திரும்பி வந்தபோது, அவர்கள் இல்லாமலும் எல்லாம் ஒழுங்காகத்தானே நடந்தது என்று நீங்கள் நினைத்திருந்தால் அது இயல்புதான். எங்கள் வாக்குக்கு அந்த ஒழுங்கு ஈடாகுமா என்று நாங்கள் நினைத்ததும் இயல்புதான்.

சட்டங்களையும் நீங்கள் மதிக்கிறீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, யாராவது எழுதிக் கேட்டால் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்கிறீர்கள். கேட்ட தாள் கிடைக்கும்போது அந்தக் குத்தகை கைச்சாத்தாகியிருக்கும் என்பது நாட்காட்டியின் போக்கு. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி உறுப்பினர்களும் சொத்து, பொறுப்பு வெளிப்படுத்த வேண்டும். வெளிப்படுத்துகிறார்கள். அந்தப் படிவத்தில் இருக்கிற காணிக்கும் இன்றைய அமர்வில் வருகிற வீதிக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க ஒருவருக்கு முதலில் எந்த வீதி இன்றைக்கு வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சட்டம் எவ்வளவு தூரம் வந்தாலும் கடைசியில் உங்கள் தாளின் வாசலில் நின்று காத்திருக்கிறது. பாராளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கிடைக்காத மரியாதை இது.

இவ்வளவும் செய்யக்கூடிய கையால் மற்றதையும் செய்ய முடியும் என்பதுதான் என் மனதை அறுக்கிறது. சட்டம் மாறத் தேவையில்லை, கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வரத் தேவையில்லை. அதே எழுதுநர், அதே நிழற்பிரதி இயந்திரம் போதும். இரவில் மூன்று பேருக்குத் தொலைபேசி எடுக்கிற நேரத்தில் எல்லா உறுப்பினருக்கும் ஒரே செய்தியை அனுப்பலாம். ‘தொடர்பாக’ என்ற வரிக்குப் பின்னால் இரண்டு பக்க விபரம் இணைக்கலாம். யாருக்கு அந்த விடயத்தில் சொந்த நலன் இருக்கிறதோ அவர் எழும்பிச் சொல்லட்டும் என்று நிரலின் முதல் வரியில் எழுதலாம். ஏதேனும் இரண்டு உறுப்பினர் ஒப்பமிட்டு ஒரு விடயத்தைக் கேட்டால் அது அடுத்த அமர்வில் கட்டாயம் வரும் என்று சபை ஒரு தீர்மானம் எடுக்கலாம். முறைப்பாடுகளின் நிரலை, முறைப்பாட்டுக்கு ஆளாகக்கூடியவர் கையில் இல்லாமல், குழுவின் தலைவராக இருக்கிற ஊரவர் ஒருவர் கையில் கொடுக்கலாம். ‘ஏனைய விடயங்கள்’ என்பதன் கீழ் பணம் சம்பந்தப்பட்ட எதுவும் தீர்மானிக்கப்படாது என்று ஒரு வரி சேர்க்கலாம்.

மார்கழி வருகிறது. வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடியுமுன் நிறைவேற வேண்டும். அதே மாதத்தில்தான் முந்தனையாறு பெருகும், சித்தாண்டியிலும் மாவடிவேம்பிலும் வெள்ளம் ஏறும், பதுளை வீதிக் கிராமங்களுக்குப் போகிற பாதைகள் அறுபடும். ஆண்டு முழுவதற்குமான பணம் எங்கே போகிறது என்று முடிவாகிற அமர்வு, எங்கள் உறுப்பினர்கள் வந்து சேர மிகக் கடினமான கிழமைகளில் நடக்கிறது. பாதீட்டுப் புத்தகத்தை அமர்வன்று காலையில் மேசையில் வைத்தால் அதுவும் சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருக்கலாம். கார்த்திகையின் நடுவிலேயே, மழை இறுகுமுன், புல்லுமலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு பிரதியைக் கொடுத்து அனுப்பினால் அதற்கு ஆகும் செலவு ஒரு ரிக்கெற் காசு.